அலுமாரியில் பூட்டிய மழை

1869ஆம் ஆண்டு மடுல்சீமையில் ஒரு கோப்பித் தோட்டத்தில், இலைகளின் அடிப்புறத்தில் செம்மஞ்சள் நிறத் தூள் படிந்திருப்பதைக் கண்டார்கள். இன்று பதுளை மாவட்டத்தில் பசறைக்கு அப்பால் இருக்கிற அதே மடுல்சீமைதான். பேராதனைத் தாவரவியற் பூங்காவின் பணிப்பாளராக இருந்த த்வெயிட்ஸ் அந்த நோயுற்ற இலைகளை இங்கிலாந்தில் இருந்த பூஞ்சண அறிஞர் பெர்க்லிக்கு அனுப்பினார். உருப்பெருக்கியில் பார்த்த பெர்க்லி, இது அதுவரை அறிவியலுக்குத் தெரியாத பூஞ்சணம் என்று கண்டு அதற்கு ஹெமிலேயா வஸ்டாட்ரிக்ஸ் என்று பெயரிட்டு அதே ஆண்டில் வெளியிட்டார். அடுத்த இருபது ஆண்டுகளில் இலங்கையின் கோப்பி அழிந்தது, மலைகளில் தேயிலை ஏறியது. நம் முன்னோர் கோப்பிக்காலம் என்று சொன்ன காலத்தை முடித்துவைத்தது அந்தத் தூள்தான்.

பெர்க்லி 1879இல் தம் பூஞ்சணத் தொகுப்பு முழுவதையும் கியூ தாவரவியற் பூங்காவுக்குக் கொடுத்துவிட்டார். இப்படிச் சேர்த்துவைத்த காய்ந்த இலைகளால் பின்னால் என்ன பயன் என்பதை உருளைக்கிழங்கு காட்டிற்று. 1840களில் அயர்லாந்தைப் பஞ்சத்தில் தள்ளிய உருளைக்கிழங்கு நோய்க்குக் காரணம் ஒரு பூஞ்சணமே என்று 1846இல் வாதிட்டவரும் இதே பெர்க்லிதான். அக்காலத்தில் நோயுற்ற உருளைக்கிழங்கு இலைகளைப் பறித்து, காயவைத்து, நாளும் இடமும் எழுதித் தொகுப்புகளில் வைத்தார்கள். 2013இல் ஆய்வாளர்கள் கியூவிலும் ஜெர்மனியின் மியூனிக்கிலும் இருந்த அந்த இலைகளிலிருந்து மரபணுவைப் பிரித்தெடுத்து, பஞ்சத்தை உண்டாக்கிய நோய்க்கிருமி எந்த வகை என்று அடையாளம் கண்டார்கள். இலையைக் காயவைத்தவர்கள் வாழ்ந்த காலத்தில் டி.என்.ஏ. என்ற சொல்லே கிடையாது. தங்களுக்குத் தெரிந்த கேள்விக்காக அவர்கள் சேர்த்து வைத்தார்கள். தங்களுக்குத் தெரியாத கேள்விக்கும் அது விடை சொன்னது.

ஆய்வுத் தரவை எவரும் எடுத்துப் பார்க்கும்படி ஒரு காப்பகத்தில் வைக்க வேண்டும் என்று இன்று உலகெங்கும் அறிவியலாளர்கள் வற்புறுத்துவதன் அடிப்படை இதுதான். பதுளை அடங்கிய நம் ஊவா மலைகளில் நூற்றைம்பது ஆண்டுகளாக எத்தனையோ அளந்திருக்கிறார்கள். மழை, மண், கொழுந்தின் எடை, பிள்ளைகளின் உயரம், தாய்மாரின் இரத்தச்சோகை என்று அளக்காதது குறைவு. அளந்தது எங்கே போனது என்று கேட்டால்தான் பதில் வராது.

மழையையே எடுத்துக்கொள்வோம். பதுளைக்கு அருகே நமுனுகுலை மலைச்சாரலில் இருக்கும் ஸ்பிரிங்வெளி போன்ற பழைய தோட்டங்களில் மழையை அளப்பது அன்றாட வேலை. ஆபீஸ் முற்றத்தில் வேலி போட்ட சிறு சதுரத்துக்குள் மழைமானி நிற்கும். காலை எட்டரை மணிக்கு ஒருவர் போய், உள்ளே சேர்ந்த தண்ணீரை அளவுக்குழாயில் ஊற்றிப் பார்த்துப் பதிவேட்டில் எழுதுவார். உரம் போடும் நாளைத் தீர்மானிக்கவும், கவ்வாத்துக்கு மலை ஒதுக்கவும், கொழுந்து எப்போது குமியும் என்று கணக்குப் போடவும் துரைக்கு அந்த எண் வேண்டும். ஆண்டு முடிந்ததும் அந்தப் பதிவேடு அலுமாரிக்குப் போகும். பல தோட்டங்கள் மாத முடிவில் வளிமண்டலவியல் திணைக்களத்துக்கும் ஒரு பிரதி அனுப்பும்.

அந்தப் பதிவேட்டின் ஒரு பக்கத்தைக் கிட்ட வைத்துப் பார்த்தால் தரவு என்பது வெறும் எண் இல்லை என்று புரியும். பழைய பக்கத்தில் 2.35 என்று எழுதியிருக்கிறது. அது அங்குலம், மில்லிமீட்டரில் சுமார் 60. அளவை மாறியதற்குப் பிறகான பக்கத்தில் 2.35 என்று இருந்தால் அது புல் நனைகிற தூறல். இரண்டு எண்களும் ஒன்றுபோலத்தான் தெரியும். அடுத்து, ஒரு கட்டம் வெறுமையாக இருக்கிறது. அன்று மழை பெய்யவில்லையா, அல்லது தீபாவளி விடுமுறையில் மானியைப் பார்க்க ஆள் வரவில்லையா? பின்னது உண்மையென்றால் மறுநாள் எழுதியிருக்கும் எண் இரண்டு நாள் மழை. இன்னொரு சிக்கலும் உண்டு. ஐந்தாம் திகதி காலை எட்டரைக்கு அளந்த தண்ணீரில் பெரும்பகுதி நான்காம் திகதி பெய்தது. அதை எந்தத் திகதிக்கு நேரே எழுதுவது என்பதில் தோட்டத்துக்குத் தோட்டம் வழக்கம் வேறுபடலாம். மானிக்குப் பக்கத்தில் நட்ட சவுக்கு மரம் இருபது ஆண்டில் வளர்ந்து மழையை மறைத்தால், காலநிலை வறண்டுவிட்டது போல எண்கள் பொய் சொல்லும். இதையெல்லாம் அறிந்தவர் ஆபீஸில் வேலை பார்த்த பழைய கிளார்க்கர் ஒருவர்தான். அவர் ஓய்வு பெற்றுப் போனால் எண்கள் இருக்கும், அவற்றின் பொருள் போய்விடும்.

இந்தப் பழைய எண்களை வைத்து இன்று என்ன செய்வது என்று கேட்கலாம். பதுளை மாவட்டத்து மக்களுக்கு அந்தக் கேள்விக்கு விடை சொல்ல வேண்டியதில்லை. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்கள் மண்ணுக்குள் போயின. அங்கே ஆபத்து உண்டு என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. எத்தனை பேர் புதையுண்டார்கள் என்பதில் முதல் நாள்களில் சொன்ன தொகை நூற்றுக்கணக்கில் இருந்தது; பின்னர் அது பல மடங்கு குறைந்தது. ஒரு தோட்டப் பிரிவில் எத்தனை பேர் குடியிருந்தார்கள் என்ற எளிய கணக்கைக்கூட அந்த நேரத்தில் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது நாடெங்கும் 600க்கு மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். மிக மோசமாகப் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பதுளையும் ஒன்று. கொன்றதில் பெரும்பங்கு மண்சரிவுக்கு.

மண்சரிவுக்கும் மழைக்கும் உள்ள தொடர்பு நேரானது. சரிவில் தளர்ந்து கிடக்கும் மண்ணுக்குள் நீர் இறங்க இறங்க, மண் துகள்களுக்கு இடையிலுள்ள நீரின் அழுத்தம் ஏறுகிறது. துகளைத் துகளோடு பிடித்துவைக்கும் உராய்வு குறைகிறது, மண்ணின் எடையும் கூடுகிறது. ஒரு கட்டத்தில் சரிவு தன்னைத் தாங்க முடியாமல் போகிறது. அந்தக் கட்டம் எவ்வளவு மழையில் வரும் என்பதுதான் முன்னெச்சரிக்கையின் உயிர்நாடி. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீட்டரைத் தாண்டினால் விழிப்பாக இருக்க வேண்டும், 100ஐத் தாண்டினால் வெளியேற ஆயத்தமாக வேண்டும், 150ஐத் தாண்டினால் வெளியேறிவிட வேண்டும் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வரம்பு வைத்திருக்கிறது. நாடு முழுவதற்கும் பொதுவாக வைத்த வரம்பு இது. ஆனால் எல்லா மலையும் ஒரே மழையில் சரிவதில்லை. மண்ணின் ஆழம், பாறையின் சாய்வு, வடிகால் எப்படி வெட்டியிருக்கிறது, முந்தைய பத்து நாளில் எவ்வளவு பெய்தது என்பவற்றைப் பொறுத்து ஒரு சரிவு 110 மில்லிமீட்டரிலேயே நழுவலாம், இன்னொன்று 200ஐயும் தாங்கலாம்.

ஒரு குறிப்பிட்ட சரிவின் வரம்பைக் கண்டுபிடிக்க நேரான வழி ஒன்று உண்டு. அங்கே முன்பு எந்தெந்த நாளில் மண் சரிந்தது, அதற்கு முந்தைய நாள்களில் எவ்வளவு மழை பெய்தது என்ற இரண்டு பட்டியல்களை அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். சரிந்த நாள்களோடு, அதே அளவு மழை பெய்தும் சரியாத நாள்களையும் சேர்த்துத்தான் வரம்பைத் தீர்மானிக்க முடியும். 150 மில்லிமீட்டர் என்பது 5.9 அங்குலம். அப்படியானால் ஒரு பழைய தோட்டப் பதிவேட்டில் 5.90க்கு மேல் எழுதிய ஒவ்வொரு நாளும் இன்றைய கணக்கில் வெளியேற வேண்டிய நாள். அந்த நாள்களில் எத்தனை முறை அந்தத் தோட்டத்தில் உண்மையில் மண் சரிந்தது? விடையில் பாதி மழைப் பதிவேட்டிலும், மறுபாதி பாதை அடைபட்டதையும் லயம் சேதமானதையும் குறித்த தோட்டக் கடிதங்களிலும் இருக்கிறது. இரண்டும் பூட்டிய அலுமாரிக்குள்.

செய்மதியால் மழையைப் பார்க்க முடியாதா? முடியும். அமெரிக்க ஆய்வாளர்கள் தொகுத்த சர்ப்ஸ் என்ற மழைத் தரவுத் தொகுதி 1981 முதல் உலகின் பெரும்பகுதிக்கு மழைக் கணக்கைத் தருகிறது. யாரும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். ஆனால் அதன் ஒரு கட்டம் பக்கத்துக்கு ஐந்து கிலோமீட்டருக்கு மேல். பதுளை நகரம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 680 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நமுனுகுலை உச்சி 2,000 மீட்டரைத் தாண்டுகிறது. இப்படி எழுந்து நிற்கும் நிலத்தில் ஐந்து கிலோமீட்டர் கட்டம் ஒன்றுக்குள் பள்ளத்தாக்கும் முகடும் சேர்ந்து அடங்கிவிடும். காற்றுக்கு முகம் காட்டும் பக்கத்தில் கொட்டுகிற மழை மறுபக்கத்தில் தூறலாக இருக்கும். செய்மதிக் கணக்கைத் திருத்துவதே தரையிலுள்ள மானிகளை வைத்துத்தான். வானத்திலிருந்து எவ்வளவு பார்த்தாலும் தோட்டத்து மானிக்கு ஈடு இல்லை.

மண்சரிவு அபாய வரைபடப் பணி இலங்கையில் தொடங்கியதே 1990இல் பதுளை, நுவரெலியா மாவட்டங்களில்தான். அந்த வரைபடங்களை வரைந்தவர்களின் உழைப்பு பெரிது. இன்று தானியங்கி மழைமானிகளும் பல இடங்களில் நிற்கின்றன. ஆனால் தானியங்கி மானி நேற்று வந்தது. நூறாண்டில் சில தடவையே வருகிற பெருமழையைப் பற்றிப் பேச நூறாண்டுப் பதிவு வேண்டும், அதைத் தரக்கூடியது பதிவேடு மட்டும்தான்.

இனி அலுமாரிக்கு வருவோம். 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தோடு தோட்டங்கள் அரசிடம் வந்தன. 1992இல் அவற்றின் நிர்வாகம் பிராந்திய பெருந்தோட்டக் கம்பனிகளுக்குப் போனது. கை மாறும் ஒவ்வொரு முறையும் புதிய நிர்வாகத்துக்கு வேண்டியது காணி உறுதியும் செக்ரோலும் கடன் கணக்கும். அறுபது ஆண்டுப் பழைய மழைப் புத்தகம் யாருக்கு வேண்டும்? கறையானுக்கும் ஈரத்துக்கும் போக மிஞ்சியதில் பெரும்பகுதி பழைய கடதாசி விலைக்குப் போயிருக்கும்.

பல்கலைக்கழக ஆய்வுகள் மட்டும் பத்திரமாக இருக்கின்றனவா என்றால், அதுவும் இல்லை. கனடாவைச் சேர்ந்த திமோதி வைன்ஸும் உடன் ஆய்வாளர்களும் 516 ஆய்வுக் கட்டுரைகளைத் தேர்ந்து, அவற்றை எழுதியவர்களிடம் மூலத் தரவைக் கேட்டார்கள். 2014இல் வெளிவந்த முடிவு இது: கட்டுரை வெளிவந்து ஓராண்டு கூடக் கூட, தரவு இருப்பதற்கான சாத்தியம் 17 விழுக்காடு வீதம் சரிகிறது. காரணம் யாருடைய தீய எண்ணமும் அல்ல. மின்னஞ்சல் முகவரி மாறிவிட்டது, கணினி பழுதாகிவிட்டது, நெகிழ்வட்டைப் படிக்கும் கருவி இப்போது இல்லை, மாணவர் வெளிநாடு போய்விட்டார். வசதி மிகுந்த நாடுகளின் ஆய்வாளர்களிடையே இதுதான் நிலை. பதுளைத் தோட்டங்களில் வினாக்கொத்தோடு வந்துபோன பட்டப்படிப்பு ஆய்வுகளின் தரவு எத்தனை எஞ்சியிருக்கும் என்று வாசகரே ஊகிக்கலாம்.

தரவுக் காப்பகம் என்பது இந்த அழிவுக்கு எதிரான ஏற்பாடு. ஒரு வலைத்தளத்தில் கோப்பை ஏற்றி வைப்பதல்ல அது. வலைத்தளம் மூடினால் கோப்பும் போகும். காப்பகம் முதலில் ஒவ்வொரு தரவுத் தொகுதிக்கும் டி.ஓ.ஐ. என்ற நிலையான எண்ணைக் கொடுக்கிறது. வீடு மாறினாலும் ஒருவருடைய அடையாள அட்டை எண் மாறாதது போல, கோப்பு எந்தச் சேவையகத்துக்கு இடம்பெயர்ந்தாலும் அந்த எண்ணால் அதைத் தேடிப் பிடிக்கலாம். கட்டுரைகளில் மேற்கோள் காட்டலாம். அடுத்து, கோப்பின் பல பிரதிகளை வெவ்வேறு இடங்களில் வைத்து, ஒரு எழுத்தும் சிதையவில்லை என்று அவ்வப்போது சரிபார்க்கிறது. ஐரோப்பாவின் சேர்ன் ஆய்வுக்கூடம் 2013இல் தொடங்கிய செனோடோ இப்படியான ஒரு பொதுக் காப்பகம். உலகின் எந்த ஆய்வாளரும் ஒரு தொகுதிக்கு 50 கிகாபைட் வரை பணம் கட்டாமல் அங்கே வைக்கலாம். நூறாண்டு மழைப் பதிவு முழுவதையும் தட்டச்சிட்டால் ஒரு கைபேசிப் படத்தின் அளவுகூட வராது.

வைப்பதை எப்படி வைப்பது என்பதில்தான் உண்மையான உழைப்பு இருக்கிறது. 2016இல் அறிவியலாளர்கள் பலர் சேர்ந்து ஃபெயார் என்ற பெயரில் நான்கு நெறிகளை வெளியிட்டார்கள்: தரவைத் தேடினால் கிடைக்க வேண்டும், கிடைத்ததை எடுக்க வழி இருக்க வேண்டும், மற்றத் தரவுகளோடு இணைக்கக்கூடிய வடிவில் இருக்க வேண்டும், வேறொருவர் நம்பி மறுபடி பயன்படுத்தும்படி விளக்கத்தோடு இருக்க வேண்டும். கடைசி நெறிதான் எல்லாவற்றிலும் கடினமானது என்பது என் கருத்து. எந்த மென்பொருளிலும் திறக்கும் எளிய சி.எஸ்.வி. கோப்பாக எண்களைச் சேமிக்க அரை மணி நேரம் போதும். ஆனால் அங்குலமா மில்லிமீட்டரா, வெறுமைக் கட்டத்துக்கு என்ன பொருள், மானி எந்த ஆண்டு எங்கே இடம் மாறியது, யார் எழுதினார் என்ற விளக்கக் குறிப்பை எழுதுவதற்கு அந்தக் கிளார்க்கர் ஐயாவின் வீட்டுக்குப் போய் உட்கார்ந்து கேட்க வேண்டும். அந்தக் குறிப்பு இல்லாத தரவைக் காப்பகத்தில் வைப்பது, தலைப்பும் அலகும் கிழிந்துபோன பதிவேட்டைத் திரும்பவும் அலுமாரியில் வைப்பதுதான்.

கையெழுத்துப் பதிவேடுகளைக் கணினிக்கு மாற்றுவது மலைப்பான வேலை என்று தோன்றலாம். பிரித்தானியாவில் ரெடிங் பல்கலைக்கழகத்தின் எட் ஹோக்கின்ஸ் 2020 மார்ச்சில், பெருந்தொற்றால் மக்கள் வீடுகளில் அடைபட்டிருந்தபோது, பழைய மழைத் தாள்கள் 65,000இன் படங்களை இணையத்தில் போட்டு, தட்டச்சு செய்ய உதவுமாறு பொதுமக்களைக் கேட்டார். 16,000 தன்னார்வலர்கள் சேர்ந்து 50 லட்சத்துக்கு மேற்பட்ட எண்களை 16 நாளில் தட்டச்சிட்டு முடித்தார்கள். பிழை புகாமல் இருக்க ஒரே எண்ணைப் பலர் தனித்தனியே தட்டச்சிட்டு ஒப்பிட்டார்கள். அந்த எண்கள் எல்லாம் இன்று யாரும் எடுக்கும்படி வெளியாகியிருக்கின்றன. பிரித்தானியாவின் அதிகாரபூர்வ மழை வரலாறு 1862இலிருந்து 1836க்குப் பின்னோக்கிப் போனது. அதன் மிக வறண்ட ஆண்டு 1855 என்பதும் அப்போதுதான் தெரிந்தது. அந்தத் தாள்களில் பெரும்பாலானவை வேலைக்கென்று நியமிக்கப்படாத சாதாரண மனிதர் தம் வீட்டு முற்றத்தில் அளந்தவை.

நமக்கும் முன்மாதிரி இல்லாமல் இல்லை. 2005இல் தொடங்கிய நூலகம் என்ற எண்ணிம நூலகம் ஈழத்து, மலையகத்து நூல்களையும் இதழ்களையும் ஆவணங்களையும் பக்கம் பக்கமாகப் படமெடுத்து, எவரும் வாசிக்கும்படி வைத்திருக்கிறது. பெரும்பாலும் தன்னார்வலர்களின் உழைப்பு. துண்டுப் பிரசுரத்தையும் பாடசாலை மலரையும் காப்பாற்றத் தெரிந்த சமூகத்துக்கு மழைப் புத்தகத்தைக் காப்பாற்றத் தெரியாதா?

தடைகள் உண்டு, அவை எல்லாம் வீண் தடைகளும் அல்ல. வளிமண்டலவியல் திணைக்களத்திடம் மழைத் தரவைப் பெறக் கட்டணம் கட்ட வேண்டும். மானிகளைப் பராமரிக்கப் பணம் வேண்டும் என்பது நியாயம்தான். ஆனால் அமெரிக்காவின் லேன்ட்சாட் செய்மதிப் படங்களின் வரலாறு வேறொன்றைச் சொல்கிறது. ஒரு படம் 600 டாலராக இருந்த காலத்தில் ஆண்டுக்கு அதிகம் போனால் 25,000 படங்கள் விற்றன. 2008இல் அவற்றை இலவசமாக்கியதும் ஆண்டுக்குப் பத்து லட்சத்துக்கு மேல் மக்கள் எடுத்தார்கள். காட்டழிப்பு, பயிர் விளைச்சல், நீர்நிலைகளின் சுருக்கம் என்று விற்ற காலத்தில் பெரிய அளவில் தொட முடியாத கேள்விகளுக்கு விடை வந்தது. பொதுப்பணத்தில் அளந்த மழையை அந்தப் பொதுமக்களுக்கே விற்பதால் கிடைக்கும் சில்லறையைவிட, அதைத் திறந்து வைப்பதால் காப்பாற்றப்படும் ஓர் உயிருக்கு விலை கூட.

இன்னொரு தடை ஆய்வாளரின் அச்சம். மூன்று ஆண்டு மலை ஏறி இறங்கிச் சேர்த்ததை மற்றவர் எடுத்துக் கட்டுரை எழுதிவிட்டால் என்ன செய்வது? இதற்குக் காப்பகங்களில் வழி இருக்கிறது. ஓராண்டோ இரண்டாண்டோ தரவைப் பூட்டி வைத்து, தம் கட்டுரை வெளிவந்தபின் திறக்கும்படி அமைக்கலாம். மூலத்தைக் குறிப்பிட்டே பயன்படுத்த வேண்டும் என்ற உரிமத்தோடு வெளியிடலாம்.

மூன்றாவது தடை மனிதரைப் பற்றிய தரவு. இங்கே நான் திறப்பதற்கு அவசரப்படமாட்டேன். 2016ஆம் ஆண்டின் மக்கள்தொகை மற்றும் சுகாதார ஆய்வு, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதோர் நாட்டளவில் சுமார் 17 விழுக்காடு என்றும் பெருந்தோட்டப் பிரிவில் சுமார் 32 விழுக்காடு என்றும் காட்டியது. தோட்டங்களைத் தனியாகப் பிரித்துக் கணக்கிட்டு வெளியிட்டதால்தான் நாட்டுச் சராசரிக்குள் மறைந்துகிடந்த இந்த அநியாயம் கண்ணுக்குத் தெரிந்தது. மனிதரைப் பற்றிய தரவும் வெளியே வரவேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். ஆனால் எந்த அளவுக்கு? பெயரை நீக்கிவிட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். லத்தான்யா ஸ்வீனி என்ற அமெரிக்கக் கணினி அறிவியலாளர், அஞ்சல் குறியீடு, பிறந்த திகதி, பால் என்ற மூன்றை மட்டும் வைத்து அந்த நாட்டு மக்களில் 87 விழுக்காட்டினரைத் தனித்து அடையாளம் காணலாம் என்று 2000இல் காட்டினார். தோட்டத்தில் அதற்கு மூன்றுகூடத் தேவையில்லை. கீழ்ப்பிரிவு, ஸ்டோரில் வேலை, 43 வயது, நான்கு பிள்ளைகள், நீரிழிவு என்று ஒரு வரி இருந்தால், அது எந்த லயத்து எந்த அக்கா என்று தோட்டமே சொல்லிவிடும். அந்த அக்கா ஆய்வுக்கு ஒப்புக்கொண்டது மருத்துவர் கேட்டாரே என்பதற்காக. கங்காணி வாசிப்பதற்காக அல்ல.

ஆகவே தோட்டத்தின் பெயரை மாவட்டமாக்க வேண்டும்; வயதைப் பத்தாண்டுத் தொகுதியாக்க வேண்டும்; அரிய நோய் இருந்தால் அதை மறைக்க வேண்டும். அதற்கும் அப்பால் நுணுக்கமான தரவு வேண்டுவோர், உறுதிமொழி எழுதிக் கொடுத்து அனுமதி பெற்றே பார்க்கும்படி செய்ய வேண்டும். பிரித்தானியாவில் 1967இல் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய தரவுக் காப்பகம் இப்படிப் படிப்படியான அனுமதி முறையை நடத்துகிறது. இலங்கையிலும் 2022இன் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது. அதற்கும் மேலாக ஒரு கடமை இருக்கிறது. அளக்கப்பட்டவர்களுக்கு முடிவைத் திருப்பிச் சொல்ல வேண்டும். தங்கள் பிள்ளைகளின் உயரத்தை அளந்துபோன ஆய்வு என்ன கண்டது என்று லயத்துத் தாய் தமிழில் கேட்டறிய முடியவில்லை என்றால், அந்தத் தரவு கொழும்பிலோ லண்டனிலோ எவ்வளவு திறந்து கிடந்தாலும் அவளுக்குப் பூட்டியதுதான். 2019இல் பழங்குடி ஆய்வாளர்கள் முன்வைத்த கேர் நெறிகள் இதையே வலியுறுத்துகின்றன: தரவு யாரிடமிருந்து வந்ததோ அவர்களுக்குப் பயன் போக வேண்டும், அதன் மீது அவர்களுக்கு அதிகாரம் இருக்க வேண்டும்.

மழைக்கு இந்தச் சிக்கல் ஒன்றும் கிடையாது. மழையில் யாருடைய பெயரும் இல்லை, யாருடைய நோயும் இல்லை. அதனால்தான் தொடங்கவேண்டிய இடம் அது என்கிறேன். மண்சரிவுக்கு மட்டுமல்ல, வேறு பலவற்றுக்கும் அது பயன்படும். ஜூலை முதல் செப்டெம்பர் வரையான வறட்சிக் காற்றில்தான் ஊவாத் தேயிலைக்கு அதன் பெயர் பெற்ற மணம் ஏறுகிறது. அந்த மணத்துக்கு மெதைல் சாலிசிலேட் என்ற சேர்மம் முக்கியமான காரணம். அந்த மாதங்களின் மழை நூறாண்டில் எப்படி மாறியிருக்கிறது என்பது தேயிலைக்காரருக்கும் பொருளியலாளருக்கும் வேண்டிய விடை. மரக்கறித் தோட்டம் செய்பவருக்கும், குடிநீர்த் திட்டம் வரைபவருக்கும் அதே எண்கள் வேண்டும்.

செய்யக்கூடியவர்கள் பக்கத்திலேயே இருக்கிறார்கள். பதுளையில் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் இருக்கிறது. தேயிலை ஆராய்ச்சி நிறுவனத்தின் பிராந்திய நிலையம் பசறையில் இருக்கிறது. இறுதியாண்டு மாணவர் ஒருவர் ஒரு தோட்டத்தின் பதிவேட்டை எடுத்து, தட்டச்சிட்டு, பிழை நீக்கி, விளக்கக் குறிப்போடு காப்பகத்தில் வைத்தால் அதையே ஆய்வேடாக ஏற்றுப் பட்டம் கொடுக்கலாம். அது அவர் எழுதக்கூடிய எந்த வினாக்கொத்து ஆய்வைவிடவும் நீண்ட நாள் வாழும். அரச நிறுவனங்களிடம் உள்ள பதிவுகளைக் கேட்க 2016இன் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. 2017 பெப்ரவரி 3 முதல் அது நடைமுறையில் உள்ளது, எந்தக் குடிமகனும் தமிழிலேயே விண்ணப்பிக்கலாம். கம்பனிகளை அந்த வழியில் எளிதாக எட்ட முடியாது. ஆனால் தங்கள் தோட்டத்து லயங்களின் பாதுகாப்புக்கு உதவும் ஒரு பழைய புத்தகத்தைப் படமெடுக்க விடமாட்டோம் என்று சொல்ல எந்த நிர்வாகத்துக்கும் நியாயமான காரணம் இருக்க முடியாது. கேட்டால் தருவார்கள். கேட்க வேண்டியது தொழிற்சங்கங்களும் ஆசிரியர்களும் தோட்டத்துப் படித்த இளைஞர்களும்.

வடகீழ்ப் பருவமழைக்கு முன்பே கேளுங்கள். ஆபீஸில் இருக்கிற பதிவேடுகளைக் கைபேசியிலேனும் பக்கம் பக்கமாகப் படமெடுங்கள், பழைய கிளார்க்கர் உயிரோடு இருந்தால் அவர் சொல்வதைப் பதிவு செய்யுங்கள், இரண்டையும் சேர்த்தே காப்பகத்தில் வையுங்கள். படமெடுக்கும்போது அட்டையையும் முதற்பக்கத்தையும் விட்டுவிடாதீர்கள். மானி எங்கே நின்றது, எந்த அலகில் அளந்தார்கள் என்ற குறிப்பு இருந்தால் அங்கேதான் இருக்கும்.